பிள்ளையின் பாடவேலைக்குச் சொற்செயலி: பணம் கொடுத்துத்தான் பெற வேண்டுமா?

விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால்மரங்களைச் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் சேகரித்து, நிறுவை முடிந்தபின் வீடு திரும்பும் தகப்பனார் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் பயிலும் தம் மகளுக்காக அவர் பட்டணத்துக் கடையில் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். வரலாற்றுப் பாடத்திற்கு எட்டுப் பக்கங்களில் ஒரு தொகுப்பேடு தயாரித்து, வெள்ளிக்கிழமைக்குள் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மகளுக்கு இடப்பட்ட வேலை. ஆவலுடன் கணினியைத் திறக்கிறாள். எழுதும் மென்பொருளோ, சோதனைக் காலம் முடிந்துவிட்டது, சந்தா செலுத்துக என்று அறிவித்துவிட்டு நின்றுவிடுகிறது. முன்னர் எழுதியவற்றைப் படிக்கலாம். புதிதாக ஓர் எழுத்தும் எழுத இயலாது.

"அப்பா, பணம் கட்டினால்தான் எழுத முடியுமாம்" என்று மகள் சொல்லும்போது, அந்தத் தகப்பனாருக்கு இரண்டு வழிகளே தோன்றும். ஒன்று, கேட்ட பணத்தைக் கட்டுவது. மற்றொன்று, சில வெள்ளிகளுக்கு எல்லாவற்றையும் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஒருவரிடம் கணினியைக் கொண்டுபோய்க் கொடுப்பது. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என உயர்த்தப்பட்டது. மழை பெய்தால் வெட்டு இல்லை என்னும் நிலையில் வாழும் குடும்பத்திற்கு, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தா ஒரு சுமையே. இரண்டாவது வழியோ, பின்னர் நாம் விளக்கப்போவது போல, சுமையைவிடக் கேடானது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது சட்டத்திற்கு உட்பட்டது, செலவில்லாதது, பிள்ளையின் பாடவேலைக்குப் போதுமானது. அவ்வழியை அறியாத காரணத்தால் பணத்தையோ பிள்ளையின் உழைப்பையோ இழக்கும் நிலை நம் தோட்டக் குடும்பங்களுக்கு வரலாகாது. ஆதலால் இம்மாதம் இதனைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சொற்செயலி என்பது யாது?

கணினி வேறு, அதனுள் இயங்கும் மென்பொருள் வேறு. மரம் இருந்தால் மட்டும் பால் கிடைத்துவிடாது. சீவுவதற்கு உளி வேண்டும். அவ்வாறே, கணினி இருந்தால் மட்டும் கட்டுரை எழுதிவிட முடியாது. எழுதுவதற்கென அமைந்த மென்பொருள் வேண்டும். அதற்கே சொற்செயலி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட வேர்ட் என்பது இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. அதனால் பலர் சொற்செயலி என்றாலே வேர்ட்தான் என்று எண்ணிவிட்டனர். உண்மையில் வேர்ட் பல சொற்செயலிகளுள் ஒன்றே.

பெற்றோர் பலரிடம் காணப்படும் மற்றொரு மயக்கம், விண்டோஸ் உள்ள கணினியில் வேர்டும் தானாகவே இருக்கும் என்பது. விண்டோஸ் என்பது கணினியை இயக்கும் இயங்குதளம். வேர்ட் தனியாக விற்கப்படும் பொருள். கடையில் கணினி வாங்கும்போது அது உள்ளே இருப்பதுபோல் தோன்றினாலும், பல வேளைகளில் அது சில நாள்களுக்கு மட்டும் இயங்கும் சோதனைப் பதிப்பாகவே இருக்கும். விண்டோஸுடன் வரும் நோட்பேட் வெறும் எழுத்துகளைக் குறித்துக்கொள்வதற்கு உதவுமேயன்றி, படமும் அட்டவணையும் கொண்ட பாடவேலைக்கு உதவாது. வேர்ட்பேட் என்னும் சிறிய எழுதும் மென்பொருள் முன்னர் விண்டோஸுடன் வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதுவும் நீக்கப்பட்டுவிட்டது.

பாடவேலைக்கு வேண்டியவை எவை?

ஒரு பொருளைத் தேடுமுன் நமது தேவையைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். பள்ளிப் பிள்ளையின் எழுத்து வேலைக்குப் பின்வருவன வேண்டும்.

முதலாவது, மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத இயல வேண்டும். இரண்டாவது, தலைப்பு, பத்தி, அட்டவணை, படம், பக்க எண் ஆகியவற்றை அமைக்க இயல வேண்டும். மூன்றாவது, எழுதியதைப் பாதுகாத்து வைத்து, மறுநாள் எடுத்துத் திருத்த இயல வேண்டும். நான்காவது, தாளில் அச்சிட இயல வேண்டும். ஐந்தாவது, ஆசிரியரின் கணினியிலும் அது ஒழுங்காகத் திறக்க வேண்டும்.

இவ்வைந்தும் நிறைவேறினால் போதும். பெரிய அலுவலகங்களுக்கென அமைந்த நூற்றுக்கணக்கான வசதிகள் பள்ளிப் பிள்ளைக்குத் தேவையில்லை. தேவையில்லாததற்குப் பணம் கொடுப்பது சிக்கனமன்று.

செலவில்லாத மூன்று வழிகள்

முதல் வழி, பள்ளியின் வழியாகப் பெறுவது. மலேசியக் கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டில் டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. அரசாங்கப் பள்ளிகளில் பயிலும் மாணவர்களுக்கு அதற்குரிய அடையாளப் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு உள்ளே சென்றால், கூகள் நிறுவனத்தின் டாக்ஸ் முதலிய எழுதும் கருவிகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பிள்ளைக்கு இப்பெயர் ஏற்கெனவே இருக்கலாம்; கடவுச்சொல்லை மறந்திருக்கலாம். ஆகவே, வேறு எதையும் தேடுமுன் வகுப்பாசிரியரிடம் இதனைக் கேட்டறிவதே முதற்கடமை.

இரண்டாம் வழி, இணையத்தின் வழியாக எழுதுவது. கூகள் டாக்ஸை எவரும் தமக்கென ஒரு கணக்கைத் திறந்து இலவசமாகப் பயன்படுத்தலாம். பொருள்களைச் சேமித்து வைக்க 15 ஜிகாபைட் இடமும் கிடைக்கும். பலர் அறியாத செய்தி ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் வேர்டின் எளிய வடிவம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கணக்கொன்றைத் திறந்தால் போதும். 5 ஜிகாபைட் இடத்துடன் அதனைப் பயன்படுத்தலாம். கட்டாயம் வேர்டிலேயே செய்து வா என்று ஆசிரியர் சொல்லியிருந்தாலும், அதற்கும் இவ்வாறு செலவில்லாத வழி உண்டு.

இவ்வழிக்கு ஒரு குறை உண்டு. இணைய இணைப்பு அறுந்தால் வேலையும் தடைப்படும். கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்து எழுதலாம் என்றாலும், பட்டணத்திற்குத் தொலைவில் உள்ள தோட்டங்களில் அலை எப்பொழுதும் நன்றாகக் கிடைப்பதில்லை. இத்தகைய இடங்களுக்கு மூன்றாம் வழியே சிறந்தது.

மூன்றாம் வழி, லிப்ரேஆபிஸ் என்னும் மென்பொருள் தொகுதியைக் கணினியிலேயே நிறுவிக்கொள்வது. அதிலுள்ள ரைட்டர் என்னும் பகுதியே சொற்செயலி. ஒருமுறை நிறுவிவிட்டால், பின்னர் எழுதுவதற்கு இணையமே தேவையில்லை. கணக்குப் போடும் விரிதாளும், வகுப்பில் படங்காட்டிப் பேசுவதற்கான பகுதியும் அத்தொகுதியிலேயே அடங்கியுள்ளன.

இலவசம் என்றால் தரம் குறைந்ததா?

விலையில்லாப் பொருளில் ஏதோ குறை இருக்கும் என்று ஐயுறுவது நம் இயல்பு. ஆதலின் இதன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வோம். ஸ்டார்ஆபிஸ் என்னும் மென்பொருள் ஜெர்மனி நாட்டு நிறுவனம் ஒன்றினால் உருவாக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை வாங்கி, 2000ஆம் ஆண்டில் அதன் மூலநிரலை உலகினர் யாவரும் காணவும் திருத்தவும் பயன்படுத்தவும் திறந்து வைத்தது. அதுவே ஓப்பன்ஆபிஸ் எனப் பெயர் பெற்றது. 2010ஆம் ஆண்டில் அதன் தன்னார்வலர்கள் பலர் ஒன்றுகூடித் தனி அறநிறுவனம் அமைத்து, லிப்ரேஆபிஸ் என்னும் பெயரில் அப்பணியைத் தொடர்ந்தனர். முதற்பதிப்பு 2011ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அன்று முதல் அது தொடர்ந்து திருத்தப்பட்டு வருகிறது.

பலர் கூடி ஒரு கிணற்றை வெட்டி, ஊரார் யாவரும் நீர் மொண்டு கொள்ளலாம் என்று விட்டுவைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். நீர் இலவசம் என்பதால் அது கெட்ட நீர் ஆகிவிடாது. மேலும், இம்மென்பொருளைப் படியெடுத்து மற்றவருக்குக் கொடுப்பதற்கும் அதன் உரிமமே இடந்தருகிறது. லயத்தில் ஒரு வீட்டார் பெற்றுக்கொண்டால், அடுத்த வீட்டாருக்கும் அதனைக் கொடுக்கலாம். அது திருட்டும் ஆகாது, குற்றமும் ஆகாது.

பூட்டுடைத்த மென்பொருளால் வரும் கேடு

இதற்கு மாறாக, விற்பனைக்குரிய மென்பொருளின் பூட்டை உடைத்துச் சில வெள்ளிகளுக்கு ஏற்றித் தருவது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது. சட்டம் ஒருபுறம் இருக்க, இதனால் குடும்பத்திற்கு நேரும் ஆபத்தையே நாம் முதலில் எண்ண வேண்டும்.

பூட்டை உடைக்கும் சிறுநிரல்கள் இயங்குவதற்கு, கணினியின் பாதுகாப்பை நிறுத்திவைக்கும்படி கேட்பது வழக்கம். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு அறிமுகமில்லாத ஒருவரை வீட்டினுள் விடுவது போன்றது இது. அந்நிரலுடன் நச்சுநிரலும் நுழைந்துவிட்டால், பிள்ளை எழுதி வைத்த கோப்புகள் யாவும் திறக்க இயலாதவாறு பூட்டப்படலாம். அதே கணினியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பவராயின், அதன் கடவுச்சொல்லும் களவு போகலாம். மிச்சப்படுத்திய தொகை சிறிது. இழக்கக்கூடியதோ மாதக் கணக்கில் உழைத்துச் சேர்த்த பணம். இலவசமாகவே நேர்வழி இருக்கும்போது இத்தகைய ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் என்ன?

லிப்ரேஆபிஸை நிறுவும் முறை

முதலில், கணினி எத்தகையது என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் அமைப்புகள் பகுதியில் சிஸ்டம் என்பதைத் திறந்து, அதிலுள்ள அபவுட் என்னும் பக்கத்திற்குச் சென்றால், விண்டோஸின் பதிப்பு எண்ணைக் காணலாம். லிப்ரேஆபிஸின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினிகளில் இயங்கும். 2025ஆம் ஆண்டு வெளிவந்த 25.8 என்னும் பதிப்பு முதல், விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது.

இரண்டாவதாக, மென்பொருளை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே பெற வேண்டும். அதன் முகவரி, லிப்ரேஆபிஸ் என்னும் பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி, ஒரு புள்ளியிட்டு, ஓ, ஆர், ஜி என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் அமையும். தேடுபொறியில் தேடும்போது மேலே தோன்றும் விளம்பரங்களை அழுத்தலாகாது. பெயரை ஒத்த போலித் தளங்களும் உண்டு. பதிவிறக்கம் செய்யும்போது நன்கொடை கேட்கும் பக்கம் ஒன்று தோன்றலாம். அதனைக் கண்டு பணம் கேட்கிறார்களே என்று திகைக்க வேண்டியதில்லை. விரும்பியவர் கொடுக்கலாம், கொடாதவருக்கும் மென்பொருள் முழுமையாகக் கிடைக்கும்.

மூன்றாவதாக, பதிவிறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 350 மெகாபைட் அளவுடையது. நிறுவியபின் கணினியில் ஒன்றரை ஜிகாபைட் இடம் வரை பிடிக்கும். வீட்டில் இணையம் மெதுவாக இருப்பின், பள்ளிக் கணினிக்கூடத்தின் பொறுப்பாசிரியரை அணுகலாம். அல்லது, முன்னர் பெடி என்று வழங்கி, இப்பொழுது நாடி என்று பெயர் பெற்றுள்ள அரசாங்க இணைய மையம் அருகில் இருந்தால் அங்குச் செல்லலாம். கோப்பினை விரலி எனப்படும் தம்ப்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக் கணினியில் நிறுவலாம். கோப்பை இருமுறை அழுத்தி, திரையில் வரும் வழிகாட்டலைப் பின்பற்றினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

பழைய கணினி வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10இற்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுவிட்டன. அத்தகைய கணினி எழுதுவதற்கு உதவும். ஆயினும் அதில் வங்கி வேலைகளைச் செய்யாதிருப்பது நலம். விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவலாம். அதனுடன் லிப்ரேஆபிஸும் சேர்ந்தே வருகிறது. ஆனால் இயங்குதளத்தை மாற்றும்போது கணினியில் உள்ளவை அழியக்கூடும். ஆகவே, விவரம் அறிந்த ஒருவரின் துணையுடன் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

ஆசிரியரின் கணினியிலும் திறக்க வேண்டும்

இலவச மென்பொருளைப் பயன்படுத்திய பிள்ளைகள் சிலர், ஆசிரியரின் கணினியில் கோப்பு திறக்கவில்லை என்றோ, எழுத்துகள் இடம் மாறிவிட்டன என்றோ வருந்துவதுண்டு. காரணத்தை அறிந்துகொண்டால் இதனைத் தவிர்க்கலாம்.

ஒவ்வொரு சொற்செயலியும் தனக்குரிய ஒரு வடிவத்தில் கோப்பைச் சேமிக்கிறது. ரைட்டரின் இயல்பான வடிவம் ஓ.டி.டி. என்பது. வேர்டின் வடிவமோ 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் டாக்எக்ஸ் என்பது. இதற்கு எளிய வழி, ரைட்டர் எப்பொழுதும் டாக்எக்ஸ் வடிவிலேயே சேமிக்கும்படி அமைத்துவிடுவது. டூல்ஸ் என்னும் பட்டியலில் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, லோட்/சேவ் என்பதன்கீழ் உள்ள ஜெனரல் என்னும் பகுதிக்குச் சென்று, அங்கு வேர்டின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். ஒருமுறை செய்தால் அது நிலைத்திருக்கும்.

எழுத்துரு இல்லாமையாலும் இடமாற்றம் நேரும். பிள்ளையின் கணினியில் உள்ள எழுத்துரு ஆசிரியரின் கணினியில் இல்லையாயின், வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து அமரும், வரிகள் நீளும், படங்கள் அடுத்த பக்கத்திற்குத் தாவும். லிப்ரேஆபிஸுடன் வரும் லிபரேஷன் செரிப் என்னும் எழுத்துரு, டைம்ஸ் நியூ ரோமனுக்கு இணையான அகலத்துடன் அமைக்கப்பட்டது. லிபரேஷன் சான்ஸ், ஏரியலுக்கு இணையானது. ஆகவே, அவ்வெழுத்துருக்களுக்குள் ஒன்று மற்றொன்றின் இடத்தில் அமர்ந்தாலும் வரியமைப்பு பெரும்பாலும் மாறாது.

தாளின் அளவையும் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் வழங்குவது 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஏ4 தாள். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், லெட்டர் என்னும் வேறு அளவு வந்துவிடும். எட்டுப் பக்கமும் எழுதி முடித்தபின் இதனை மாற்றினால் அமைப்பு கலைந்துபோகும்.

வேலை முற்றும் முடிந்தபின் பி.டி.எப். வடிவிலும் ஒரு படி எடுத்துக்கொள்ளல் வேண்டும். இது அச்சிட்ட தாளைப் போன்றது. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்தும் படமும் இடம் பெயராமல் நிற்கும். ஆசிரியர் திருத்துவதற்கு டாக்எக்ஸ், கடையில் அச்சிடுவதற்குப் பி.டி.எப். என்று பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

தமிழில் எழுதுவது எப்படி?

தமிழ்மொழிப் பாடத்திற்கு எழுதும் பிள்ளைக்குத் தனியாகத் தமிழ்ச் சொற்செயலி தேவையில்லை. மேற்கூறிய மூன்று வழிகளிலும் தமிழில் எழுதலாம். வேண்டியவை இரண்டு: விசைமுகம் ஒன்று, ஒருங்குகுறி எழுத்துரு ஒன்று.

முற்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் அமைந்திருந்தது. ஒருவர் எழுதியது மற்றொருவரின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யூனிகோட் எனப்படும் ஒருங்குகுறி முறையில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் அளிக்கப்பட்டது. இம்முறையில் எழுதினால், கைப்பேசியானாலும் கணினியானாலும் தமிழ் தமிழாகவே தோன்றும். ஆகவே, பழைய எழுத்துருக்களை எவரேனும் கொடுத்தாலும், பாடவேலைக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். விண்டோஸுடன் வரும் நிர்மலா என்னும் எழுத்துருவே போதுமானது.

விண்டோஸ் 11இன் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைமுகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்99 என்பது 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்ட முறை. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்வரிசை எழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' தோன்றும். அஞ்சல் என்பது ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழை எழுதும் முறை. இது நம் மலேசிய நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் வழியாகப் பரவியது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. விரைவாகப் பழக அஞ்சல் எளிது. தமிழ் எழுத்துகளின் சேர்க்கையை உணர்ந்து எழுதுவதற்குத் தமிழ்99 நன்று. எதுவாயினும் ஒன்றையே உறுதியாகப் பழகுதல் வேண்டும்.

உழைப்பைக் காக்கும் பழக்கம்

எத்துணைச் சிறந்த மென்பொருளாயினும், சேமிக்க மறந்தவருக்கு அது உதவாது. இடிமழை நேரத்தில் மின்சாரம் நின்றால், சேமிக்காமல் எழுதியது போய்விடும். மீட்புக்கான குறிப்பை லிப்ரேஆபிஸ் இயல்பாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை தானே எடுத்துக்கொள்கிறது. ஆயினும் இடைப்பட்ட பத்து நிமிட எழுத்து நம்முடைய பொறுப்பே. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும். கோப்புக்குத் தெளிவான பெயர் இட வேண்டும். படுக்கைக்குச் செல்லுமுன் விரலியில் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும். கணினி பழுதானாலும் பிள்ளையின் உழைப்பு அப்பொழுது பழுதாகாது.

பெற்றோர் செய்யத்தக்கது

கணினி நமக்குத் தெரியாதே என்று பெற்றோர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை எவரும் கேட்கலாம். பள்ளியில் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் உன்னிடம் உள்ளனவா? இம்மென்பொருளை எங்கிருந்து பெற்றாய்? இன்று எழுதியதற்கு மறுபடி எடுத்து வைத்தாயா? இவற்றுக்குப் பிள்ளை தயக்கமின்றி விடை சொல்லுமாயின், பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே நடைபெறுகிறது என்று கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. சொற்செயலி எழுத்தை அழகுபடுத்துமேயன்றி, சிந்தனையைத் தராது. இணையத்தில் உள்ளதை அப்படியே எடுத்து ஒட்டினால் எட்டுப் பக்கம் நிறையும், அறிவு நிறையாது. எழுதியதை நமக்கு வாசித்துக் காட்டும்படி பிள்ளையிடம் சொல்வோம். தன் சொற்களில் எழுதிய பிள்ளை தடையின்றி வாசித்து விளக்கும். ஒட்டி வைத்த பிள்ளை தடுமாறும். இதனை அறிவதற்குக் கணினிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து செவிமடுத்தால் போதும்.

நாம் தொடக்கத்தில் நினைத்துப் பார்த்த தகப்பனாரிடம் மீண்டும் வருவோம். அவர் சந்தா கட்ட வேண்டியதில்லை; கணினியைப் பூட்டுடைப்பவரிடம் கொடுக்க வேண்டியதும் இல்லை. அவருடைய மகள் செவ்வாய்க்கிழமை ஆசிரியரிடம் டெலிமாவின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறலாம். அன்றே பள்ளிக் கணினிக்கூடத்தில் லிப்ரேஆபிஸை விரலியில் ஏற்றிக்கொண்டு வரலாம். புதனும் வியாழனும் வீட்டில் அமர்ந்து எழுதலாம். வெள்ளிக்கிழமை காலை, அவள் பையில் விரலியும் அச்சிட்ட எட்டுத் தாள்களும் இருக்கும். தகப்பனாரின் சம்பளத்தில் இதற்கெனக் குறைந்தது அச்சுக்கூலி மட்டுமே.

தோட்டத்துப் பிள்ளையின் எழுத்து, வசதி படைத்த வீட்டுப் பிள்ளையின் எழுத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அதனை எழுதுவதற்குரிய நல்ல கருவி இன்று பொதுச்சொத்தாக நம் முன்னே இருக்கிறது. அதனை நேர்வழியில் பெற்று, நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்போமாக. இதனை அறிந்தவர் அடுத்த வீட்டாருக்கும் எடுத்துரைப்பாராயின், ஒரு லயத்துப் பிள்ளைகள் யாவரும் பயன்பெறுவர்.